மேடையில் வெளியான ஆய்வு: கேத்தரின் டன்ஹாம்

ஒருவர் மேடையில் ஆடுகிறார். மற்றவர்களுக்கு நடனம் அமைக்கிறார். அதே நடனத்தைப் பற்றி ஆய்வு நூல் எழுதுகிறார். பல்கலைக்கழகத்தில் பாடமும் எடுக்கிறார். இப்படி ஒருவரைப் பார்த்தால், இதில் எது அவருடைய உண்மையான தொழில், எது கூடுதலாக வந்து சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கத்தான் நமக்குத் தோன்றும். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் கேத்தரின் டன்ஹாமை (1909–2006) ஆயுள் முழுக்க இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். பத்திரிகைகளுக்கு அவர், ஆட்டமும் பாட்டும் கலந்த ரெவ்யூ என்ற மேடைக் கேளிக்கையின் கவர்ச்சி நட்சத்திரம். மானிடவியல் துறைக்கு, நல்ல மாணவியாக இருந்து சினிமா பக்கம் போய்விட்டவர். நடனப் பள்ளிகளுக்கு ஒரு பயிற்சி முறையின் பெயர்.

அவர் செய்த நான்கும் ஒரே வேலைதான் என்பது என் கட்சி. கரீபியன் தீவுகளில் ஆராய்ந்ததை மேடைக்குக் கொண்டுவந்தார். அதை ஆடுவதற்கேற்ற உடம்புகள் அமெரிக்காவில் இல்லை, எனவே ஒரு பயிற்சி முறையை உருவாக்கினார். அந்தப் பயிற்சியைக் கற்பிக்கப் பள்ளி தேவைப்பட்டது. அந்தப் பள்ளிதான் கடைசியில் பல்கலைக்கழகத்துக்குள் போனது. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்ததே தவிர, எதுவும் பக்கத் தொழில் இல்லை.

டன்ஹாமின் அப்பா, சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊரில் துணி வெளுக்கும் கடை வைத்திருந்தார். அம்மா சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அண்ணன் ஆல்பர்ட் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கப் போக, தங்கையும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நடன வகுப்பு எடுத்தார். கூடவே லுட்மிலா ஸ்பெரன்செவா என்ற ரஷ்ய ஆசிரியையிடம் தானும் கற்றுக்கொண்டார். 1934இல் ரூத் பேஜ் அமைத்த ஒரு பாலே நடனத்தில் முக்கியப் பாத்திரம் கிடைத்தது. கரீபியன் தீவான மார்ட்டினிக்கின் நாட்டுப்புறக் கதை அது. அந்தத் தீவை அப்போது டன்ஹாம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்து மானிடவியலில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பண்பாடு அமெரிக்காவில் முழுவதுமாக அழிந்துபோனது, இப்போது இருப்பதெல்லாம் வெள்ளையரிடமிருந்து அரைகுறையாகக் கற்றுக்கொண்டவை என்பது அன்று பரவலாக இருந்த எண்ணம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் இதை மறுத்தார். நிறைய மிச்சம் இருக்கிறது, தேடத் தெரிந்தவர்கள் தேட வேண்டும் என்பது அவர் வாதம். சிகாகோவில் ராபர்ட் ரெட்ஃபீல்டு எடுத்த ஒரு வகுப்பில், கறுப்பின மக்கள் கூத்தாடும் இடங்களில் ஆடுகிற ஜனரஞ்சக ஆட்டங்களிலேயே ஆப்பிரிக்காவின் தடம் இருக்கிறது என்று கேட்டதுதான் டன்ஹாமைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கருத்து ஏன் ஒரு நடனக்காரரைத் தொட்டது என்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். தோட்ட முதலாளி அடிமையின் பெயரை மாற்றிவிடலாம், தாய்மொழி பேசினால் தண்டிக்கலாம், சாமி கும்பிடுவதைத் தடுக்கலாம், குடும்பத்தைப் பிரித்து விற்கலாம். தோள் எப்படி அசைகிறது, முட்டி எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு எந்தத் தாளத்துக்குப் போகிறது என்பதைப் பறிமுதல் செய்ய முடியாது. அழிந்துபோனதாகச் சொல்லப்படும் பண்பாடு எங்காவது தப்பிப் பிழைத்திருக்குமானால் அது உடம்பில்தான் இருக்கும். அதைப் படிக்க, உடம்பைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

இந்த ஆய்வுக்காக ஜூலியஸ் ரோசன்வால்டு நிதியத்திடம் உதவித்தொகை கேட்டுப் போனார். நேர்காணலில் நடந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். என்ன படிக்கப் போகிறாய் என்று குழுவினர் கேட்டதும், மேலே போட்டிருந்த கம்பளி உடுப்பைக் கழற்றினார். உள்ளே ஆட்ட உடை. சிகாகோவின் பாலே வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதை முதலில் ஆடிக் காட்டினார். பிறகு ஆப்பிரிக்க ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஆடிக் காட்டி, இதைக் கற்றுக்கொள்ள அது ஆடப்படும் ஊருக்கே போனால்தான் உண்டு என்றார். பணம் கிடைத்தது. களப்பணி எப்படிச் செய்வது என்று ஹெர்ஸ்கோவிட்ஸ் பயிற்சி கொடுத்தார், அறிமுகக் கடிதங்களும் எழுதித் தந்தார். 1935இல் கிளம்பினார்.

முதலில் ஜமைக்கா. அங்கே மலைக்குள் இருக்கும் அக்கம்பாங் என்ற ஊர், தோட்டங்களிலிருந்து தப்பியோடி பிரிட்டிஷ் படையோடு போரிட்ட மரூன் மக்களின் ஊர். பிரிட்டிஷார் அவர்களை வெல்ல முடியாமல் 1739இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அவர்களிடம் கோரமாண்டி என்ற பழைய போர் நடனம் இருந்தது, அதைப் பார்க்கத்தான் டன்ஹாம் போனார். ஊர்க்காரர்கள் பிரியமாகப் பழகினார்கள், தங்க வைத்தார்கள். ஐரோப்பியர்களிடமிருந்து வந்த குவாட்ரில் ஆட்டத்தையெல்லாம் சந்தோஷமாக ஆடிக் காட்டினார்கள். கோரமாண்டி பற்றிக் கேட்டால் மட்டும் நாளைக்கு, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கர்னல் என்று அழைக்கப்படும் ஊர்த்தலைவர் வெளியூர் போயிருந்த ஒரு ராத்திரிதான் அது நடந்தது. டன்ஹாம் குறிப்பேட்டோடு ஓரமாக நிற்கவில்லை, ஆட்டத்துக்குள் இறங்கிவிட்டார். இந்த அனுபவத்தைத்தான் 1946இல் புத்தகமாக வெளியிட்டார்.

மார்ட்டினிக்கில், இருவர் எதிரெதிரே நின்று மத்தளத்துக்கு ஆடும் அக்யா என்ற சண்டை ஆட்டத்தைப் படமெடுத்துக்கொண்டார். டிரினிடாடுக்கும் போனார். அதிக நாள் இருந்தது ஹெய்ட்டியில்தான்.

ஹெய்ட்டியில் வூடூ என்பது சினிமா காட்டுகிற பொம்மையில் ஊசி குத்தும் சமாச்சாரம் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தெய்வங்களும் கத்தோலிக்கப் புனிதர்களும் கலந்த ஒரு முழு மதம். அதில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு தாளம், ஒரு ஆட்டம். நாகத் தெய்வமான டம்பாலாவுக்கு உரியது யான்வலு. முட்டியை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, கையை முட்டி மேல் வைத்துக்கொள்வார்கள். இடுப்பில் தொடங்கும் ஒரு அலை முதுகுத்தண்டு வழியாக மேலேறி, தோள், கழுத்து, தலை என்று போய் முடிந்து, மறுபடி கீழிருந்து கிளம்பும். மூன்று மத்தளங்கள். சின்னதான பூலா தாளத்தை நிலையாகப் பிடித்துக்கொள்ளும், நடுவிலுள்ள செகோன் அதோடு பேசும், பெரிய மமான் ஆடுகிறவர்களை நடத்தும். இந்த ஆட்டம் மனத்தை அடக்கிப் பணிய வைக்கிறது என்று டன்ஹாம் கவனித்தார். தோளை மட்டும் விடாமல் குலுக்கும் செப்பால் ஆட்டம் வேறு விதமாக வேலை செய்கிறது. மரணத்தின் தெய்வங்களான கெடேகளுக்கு ஆடும் பண்டாவில் இடுப்பு பேசுகிறது. எந்த அசைவு, எந்த நேரத்தில், எதற்காக என்று சேர்த்துப் பார்க்காமல் அசைவை மட்டும் எழுதி வைத்தால் ஒன்றும் புரியாது என்பதுதான் அவர் ஆய்வின் மையம்.

இதை அவர் தெரிந்துகொண்ட வழி முக்கியம். வெளியாளாக இருந்தால் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் விடமாட்டார்கள். எனவே தீட்சை பெற்றார். தீட்சைக்கு வந்த மற்றவர்களோடு மண் தரையில் ஒருக்களித்து நெருக்கியடித்துப் படுத்தபடி நாள் கணக்கில் கிடக்க வேண்டும். கிடந்தார். 1969இல் ஹெய்ட்டி பற்றி எழுதிய புத்தகத்தில் அந்த நாட்களை விவரிக்கும்போது, தான் உள்ளே இருக்கிறேனா, வெளியே நின்று பார்க்கிறேனா என்ற குழப்பத்தை மறைக்காமல் எழுதினார். எனக்கு அந்தப் பக்கங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆய்வு செய்கிறவர் தன் நிலையையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது மானிடவியலில் பாடமாவதற்கு முன்பே அவர் அதைச் செய்துவிட்டார்.

1936இல் திரும்பி வந்து இளங்கலைப் பட்டம் வாங்கினார். ஹெய்ட்டி நடனங்களைப் பற்றிய ஆய்வை முதுகலைக்காக எழுதினார். ஆனால் அந்தப் பட்டத்தை முடிக்கவில்லை, மேடை இழுத்துக்கொண்டது. அந்த ஆய்வு 1947இல் மெக்சிகோவில் அச்சானது. பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் புகழ்பெற்ற பிரெஞ்சு மானிடவியலாளர் குளோது லெவி-ஸ்ட்ராஸ். அமெரிக்காவில் ஆங்கிலப் புத்தகமாக வர 1983 ஆனது. எழுதியவருக்கு அப்போது 74 வயது. சொந்த நாட்டின் கல்வித்துறை அவரை எந்த இடத்தில் வைத்திருந்தது என்று சொல்ல இந்த இடைவெளி போதும்.

ஆனால் ஆய்வு வெளியாகத்தான் செய்தது, மேடையில். 1938 ஜனவரியில் சிகாகோவில், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கலைஞர்களுக்காக அரசு நடத்திய ஃபெடரல் தியேட்டர் திட்டத்தின் கீழ் ‘லாக்யா’ அரங்கேறியது. மார்ட்டினிக்கின் ஒரு மீனவக் கிராமம், ஒரு பெண், அவளை விரும்பும் இரண்டு ஆண்கள், முடிவில் அக்யா சண்டை. கதை சாதாரணம்தான். கதைக்குள் இருந்த ஆட்டங்கள் படமெடுத்து, குறித்து, கற்றுக்கொண்டு வந்தவை. கறுப்பினத்தவர் என்றாலே கோமாளித்தனமும், செருப்பால் தரையைத் தட்டி ஆடும் டாப் டான்ஸும்தான் என்று பழகியிருந்த அமெரிக்க மேடையில், ஒரு தீவு மக்களின் ஆட்டம் அதற்கே உரிய இலக்கணத்தோடு ஏறியது. உடைகளை வடிவமைத்த ஜான் பிராட்டைப் பின்னர் மணந்துகொண்டார்.

இங்கேதான் நடன அமைப்பாளருக்கு ஒரு சிக்கல் வந்தது. பாலே படித்த உடம்பு நிமிர்ந்து, தரையிலிருந்து எழும்பப் பார்க்கும். முதுகு ஒரே துண்டாக நிற்கும். யான்வலுவுக்கு முதுகு கண்ணி கண்ணியாகப் பிரிந்து அசைய வேண்டும், பாதம் தரையை விடக் கூடாது. தோள் ஒரு தாளத்திலும் இடுப்பு இன்னொரு தாளத்திலும் போக வேண்டும். ஹெய்ட்டிக் குழந்தைக்கு இது ஊரைப் பார்த்துப் பார்த்தே வந்துவிடும், சிகாகோ இளைஞனுக்கு வராது. எனவே டன்ஹாம் முறை என்று இன்று அறியப்படும் பயிற்சியை உருவாக்கினார். மூச்சுப் பயிற்சியில் தொடங்கும். பாலேயிலிருந்து கம்பியைப் பிடித்து நின்று செய்யும் பயிற்சியை எடுத்துக்கொண்டார், ஆனால் அங்கே முதுகெலும்பின் அலையைப் பழக்கினார். தலை, தோள், விலா, இடுப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைக்கும் பயிற்சி அடுத்தது. அப்புறம் அறையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வரிசை வரிசையாக ஆடிக்கொண்டே கடப்பது. பக்கத்தில் மத்தளக்காரர் உட்கார்ந்து வாசிப்பார்.

இன்று ஜாஸ் நடன வகுப்புக்கு எங்கே போனாலும் உடம்பின் பாகங்களைத் தனித்தனியாக அசைக்கும் பயிற்சி இருக்கும். அது அங்கே பரவியதில் டன்ஹாமுக்குப் பெரும் பங்கு உண்டு. வகுப்பில் வேர்க்க விறுவிறுக்க அதைச் செய்கிற பலருக்கு அதன் பின்னால் ஒரு களப்பணி இருப்பது தெரியாது.

1940இல் நியூயார்க்கில் அவர் குழுவின் நிகழ்ச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்று திட்டமிட்டது, பல வாரம் ஓடியது. அதே வருடம் பாலே அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷீனோடு சேர்ந்து, நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ஒரு இசை நாடகம். 1943இல் ஹாலிவுட் படம். அதன் பின் நிகழ்ச்சி அமைப்பாளர் சோல் ஹூரோக் ஏற்பாட்டில் நாடெங்கும் சுற்றுப்பயணம், 1940களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பா, தென்னமெரிக்கா என்று வருடக்கணக்கில் பயணம். 1939இல் எஸ்குவயர் பத்திரிகையில் மார்ட்டினிக் பற்றி எழுதிய கட்டுரைகளுக்கு கே டன் என்று புனைபெயர் போட்டுக்கொண்டார்.

அரசு மானியம் கிடையாது. குழுவுக்குச் சம்பளம், சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாம் டிக்கெட் விற்ற காசில்தான். அதனால் இரவு விடுதியிலும் ஆடினார், படத்திலும் ஆடினார். இதை வைத்து அவரை வெறும் கேளிக்கைக்காரர் என்று எழுதியவர்கள், அந்த வருமானம் இல்லாவிட்டால் ஆய்வை மேடையேற்ற யார் பணம் தந்திருப்பார்கள் என்று கேட்கவே இல்லை. வயதுக்கு வருவதன் சடங்குகளை வைத்து அமைத்த ‘ரீத் த பசாஜ்’ பாஸ்டனில் 1944இல் தடை செய்யப்பட்டது. யேல் பல்கலைக்கழக மானிடவியல் மாணவர்களுக்கு அவர் உரையாற்றியதும் இதே காலம். ஒரே சரக்கு, ஓரிடத்தில் ஆபாசம், இன்னோரிடத்தில் அறிவியல்.

நிறவெறியோடும் சேர்ந்தே வாழ வேண்டியிருந்தது. 1944இல் கெண்டக்கி மாநிலம் லூயிவில்லில் ஆடி முடித்ததும் மேடையிலேயே நின்று, கறுப்பினத்தவரைத் தனியே உட்கார வைப்பதை நிறுத்தும் வரை இங்கே திரும்பி வரமாட்டேன் என்று பார்வையாளர்களிடம் சொன்னார். 1950இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் ஒரு விடுதி அவருக்கு அறை மறுத்தது. அவர் அதை வெளியே சொல்ல, பெரும் விவாதமாகி, இனப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் அந்த நாட்டின் முதல் சட்டம் 1951இல் வந்தது. கறுப்பினத்தவரைக் கூட்டமாகச் சேர்ந்து தூக்கிலிட்டுக் கொல்வதைப் பற்றிய ‘சவுத்லேண்ட்’ என்ற நடன நாடகத்தை சிலியின் சாந்தியாகோவில் மேடையேற்றினார். அமெரிக்கத் தூதரகத்துக்கு அது பிடிக்கவில்லை. 1953இல் பாரிஸில் ஆடியதோடு அதை நிறுத்த வேண்டியதாயிற்று. நடனக் குழுக்களை அரசுச் செலவில் வெளிநாடுகளுக்கு அனுப்பும் திட்டம் வந்தபோது, அதற்கு முன்பே சொந்தக் காசில் உலகம் சுற்றிய டன்ஹாம் குழு அந்தப் பட்டியலில் இல்லை.

1940களின் நடுவில் நியூயார்க்கில் ஒரு பள்ளி தொடங்கினார். ஆட்டம், நாடகம், மொழிகள், மானிடவியல் எல்லாம் அங்கே பாடம். ஆட வந்தவர்கள் கரீபியன் வரலாறும் படித்தாக வேண்டும். நடிகர்கள் மார்லன் பிராண்டோ, ஜேம்ஸ் டீன், பாடகி எர்தா கிட் எல்லாம் அந்தப் படிக்கட்டு ஏறியவர்கள். சுமார் பத்து வருடம் நடந்து, பணமில்லாமல் மூடப்பட்டது.

பல்கலைக்கழகம் அவரைத் தேடி வந்தது 1964இல், அவருக்கு 55 வயது ஆனபோது. சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழகம் கார்பன்டேலில் வருகைக் கலைஞராக அழைத்தது. அங்கே ஓர் ஓபரா இயக்கினார். அப்புறம் செனகலில் 1966இல் நடந்த முதல் உலகக் கறுப்பினக் கலைவிழாவுக்கு ஆலோசகராகப் போய் வந்தார். திரும்பி வந்ததும் வசதியான வளாகத்தில் தங்கவில்லை. மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் ஊருக்குப் போனார். 1917இல் கறுப்பினத்தவர் மீது பெரும் படுகொலை நடந்த ஊர் அது. ஆலைகள் மூடி, வேலையில்லாமல், இளைஞர்கள் கும்பல் சண்டையில் இருந்தார்கள். அவர் அங்கே போய்ச் சேர்ந்த வருடமே, போலீஸ் பிடித்துக்கொண்டு போன பையன்களைப் பற்றி விசாரிக்கப் போய் டன்ஹாமும் லாக்கப்பில் உட்கார வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தின் பேரில் 1967இல் அங்கே நிகழ்கலைப் பயிற்சி மையம் தொடங்கினார். மத்தளமும் தற்காப்புக் கலையும் பையன்களை உள்ளே இழுத்தன. ஆட்டமும் ஆப்பிரிக்க வரலாறும் கூடவே வந்தன. கற்பிக்க ஊர் ஊராக ஆள் கொண்டுவந்தார். செனகலிலிருந்து வந்த மத்தளக் கலைஞர் மோர் தியாம் அவர்களில் ஒருவர். ஹிந்தி சினிமாப் பாட்டு மூலம் நம்மூரிலும் பெயர் தெரிந்த பாடகர் ஏகான் அவருடைய மகன்தான்.

பேராசிரியர் வேலை என்றால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பாடம், இத்தனை கட்டுரை என்றிருக்கும் அமைப்பில், ஒரு ஊரின் தெருப் பையன்களோடு உட்கார்வதைப் பல்கலைக்கழகப் பணியாக எண்ண வைத்ததுதான் டன்ஹாமின் பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன். ஹெய்ட்டியில் பார்த்ததும் இதைத்தானே சொன்னது. ஆட்டம் ஒரு சமூகத்தைக் கட்டி வைக்கும் என்று ஆய்வில் எழுதியவர், கட்டு விட்டுப்போன ஒரு சமூகத்தில் அதைச் செய்து பார்த்தார். எல்லாரும் மீண்டுவிடவில்லை, அந்த ஊர் இன்றும் ஏழை ஊர்தான். ஆனால் அங்கே பயின்ற பலர் கலைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆனார்கள்.

அவர் வேலையில் எனக்குத் தீராத ஒரு கேள்வியும் உண்டு. தெய்வத்துக்கு ஆடும் ஆட்டத்தை டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால் ஆடலாமா? 1945இல் ‘ஷாங்கோ’ என்ற நடனத்தில் பலி, அருள் வருதல் எல்லாவற்றையும் பிராட்வேயில் காட்டினார். காட்டுமிராண்டி வழிபாடு என்று ஏளனம் செய்யப்பட்ட ஒரு மதத்துக்கு அது மரியாதை தேடித் தந்தது என்று சொல்லலாம். அதே மேடையின் ஒளியில், கூட்டம் பார்த்தது கவர்ச்சியை மட்டும்தானோ என்றும் கேட்கலாம். டன்ஹாமின் பக்கம் ஒரு பலம் இருக்கிறது: அவர் எடுத்துக்கொண்டு ஓடிப்போனவர் இல்லை. ஹெய்ட்டியில் வீடு வாங்கி வாழ்ந்தார், அந்த மதத்துக்குள்ளேயே இருந்தார். ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியபோது, 1992இல், 82 வயதில், 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். இத்தனையும் இருந்தும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சடங்கை மேடைக்குக் கொண்டுவருகிற எவரும் அதைச் சந்தித்தே ஆக வேண்டும்.

அவரைப் போலவே ஆடி, ஆராய்ந்து, கற்பித்தவர் பெர்ல் பிரைமஸ். 1919இல் டிரினிடாடில் பிறந்தவர், உயிரியல் பட்டதாரி. அதே ரோசன்வால்டு நிதியத்தின் பணத்தில் 1948இல் ஆப்பிரிக்கா போனார். அவர் விடாமல் படித்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியது 1978இல், அறுபது வயதை நெருங்கும்போது. டன்ஹாமுக்குக் கௌரவ டாக்டர் பட்டங்கள் நிறைய வந்தன, படித்து வாங்கும் பட்டம் இளங்கலையோடு நின்றது. இரண்டு பேருக்கும் தடையாக இருந்தது ஒன்றே: ஒரு நடனம் ஆய்வாக இருக்க முடியும் என்பதை மதிப்பிட அன்றைய பல்கலைக்கழகத்தில் வழியே இல்லை.

இன்று பல நாடுகளில் முனைவர் பட்டத்துக்குத் தானே அமைத்து ஆடிய நிகழ்ச்சியையும் அதை விளக்கும் எழுத்தையும் சேர்த்துத் தரலாம். நடனத் துறைகளில் ஆசிரியரை எடுக்கும்போது மேடை அனுபவமும் கணக்கில் வருகிறது. ஆனால் பதவி உயர்வு என்று வரும்போது, அச்சான கட்டுரைகளை எண்ணுவது சுலபம், ஒரு நடனத்துக்குள் எவ்வளவு ஆய்வு இருக்கிறது என்று சொல்ல ஆட்டமும் ஆய்வும் தெரிந்த ஆள் குழுவில் இருக்க வேண்டும். டன்ஹாம் முறையைக் கற்பிக்கச் சான்றிதழ் பெற விரும்புகிறவர்கள் அந்த ஆட்டங்கள் வந்த ஊர்களின் வரலாற்றையும் அவருடைய எழுத்தையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள். 1990களில் இந்தச் சான்றிதழ் ஏற்பாடு தொடங்கியபோது அவர் உயிரோடுதான் இருந்தார்.